பதுங்கியவனுக்கு ஒரு விதி, சிக்கியவனுக்கு ஒரு விதியா?

கதையை நடத்தும் டிஎம் அண்ணனுக்கும், கும்பகோணம் ஞாயிற்றுக்கிழமை டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டக் கூட்டாளிகளுக்கும்,

போன வாரம், பகடை உருட்டி நாம் ஆடும் கதையில், கொள்ளிடக் கரை நாணலுக்குள் என் பாத்திரம், பதுங்கித் தாக்கும் ரோக், மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். பதுங்குவதற்கான ஸ்டெல்த் பகடையில் 18. கொள்ளைக்காரர்களில் ஒருத்தனும் கவனிக்கவில்லை என்று நீங்களே சொன்னீர்கள். அப்புறம் யார் முறை முதலில் என்று பார்க்கும் இனிஷியேட்டிவ். தலைவனுக்கு இரண்டு பகடை உருட்டினீர்கள்: 17, 19. குறைந்ததை எடுத்தும் 17. எனக்குக் கூட்டிக் கழித்து 10. அம்பு நாணில் இருக்கும்போதே அவன் வந்து என்னை வெட்டினான். யாரை வெட்டுகிறோம் என்று அவனுக்கு எப்படித்தான் தெரிந்ததோ!

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2024 விதி அதுதான் என்றீர்கள். சரிதான். திடீர்த் தாக்குதலில் சிக்கியவனுக்கு இனிஷியேட்டிவில் மட்டும்தான் பாதகம், அதாவது இரண்டு பகடையில் குறைந்ததுதான் கணக்கு. ஆனால் ஆடி மாதம் குடமுருட்டிப் பாலத்தில் காப்ளின் என்ற குட்டிப் பூதங்கள் எங்கள்மேல் விழுந்தபோது நீங்கள் பிரித்தது பழைய 2014 விதிப் புத்தகம். அதில் சிக்கியவன் தன் முதல் முறை வரும்போது நகரக் கூடாது, கை ஓங்கக் கூடாது, அது முடியும்வரை, நடுவில் சட்டென்று பதில் கொடுக்கும் ரியாக்‌ஷனும் கிடையாது. நம் பூசாரி பாத்திரம் கிளெரிக் ஒரு மந்திரம்கூடச் சொல்லாமல் சாய்ந்தார். அன்றைக்கு யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

பழைய விதி கொஞ்சம் கொடூரம்தான். பல சண்டைகள் தொடங்கும்போதே முடிந்துவிடும். ஆனால் அது ஆளாளுக்குத் தனித்தனியாகக் கணக்குப் பார்க்கும். பதுங்குபவரின் ஸ்டெல்த்தை எதிரே நிற்கும் ஒவ்வொருவரின் பாஸிவ் பெர்செப்ஷனோடும், அதாவது பகடை உருட்டாமலே இருக்கும் கவனிப்பு எண்ணோடும், ஒப்பிட வேண்டும். ராத்திரி வயலுக்குத் தண்ணி கட்டப் போனவர்களுக்குத் தெரியும்: வரப்பில் ஆள் நடந்தால் அந்தப் பக்கம் மட்டும் தவளைச் சத்தம் சட்டென்று நின்றுபோகும். பழகிய காவலாள் உடனே திரும்புவான். பக்கத்தில் நிற்கும் டவுன்காரன் பீடிக்குத் தீப்பெட்டி தேடிக்கொண்டிருப்பான். எங்கள் கூட்டத்தில் காடு பழகிய வீரரான ரேஞ்சரின் தாளில் பாஸிவ் பெர்செப்ஷன் 16 என்று எழுதியிருக்கிறது. பாலத்தில் அதை யாரும் கேட்கவில்லை. ஐந்து பேரையும் மொத்தமாகத் திகைக்க வைத்துவிட்டீர்கள்.

எந்தப் புத்தகமானாலும் எனக்குச் சம்மதம், மேசையின் இரண்டு பக்கத்துக்கும் அதுவே இருக்கட்டும். 2024 என்றால் கிளெரிக்கின் சாவை மறுபடி பேசுவோம். 2014 என்றால் அந்த அம்பை நான் எய்துவிட்டுத்தான் மறுவேலை. இதை வருகிற ஞாயிறு பகடையைத் தொடுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுவோம். அன்றைக்கு டிகிரி காபி என் செலவு.

இப்படிக்கு,
நாணலுக்குள் இன்னும் கிடப்பவன்