புதுக் கருவி வரட்டும், பழையதைக் கழற்ற அவசரப்படாதீர்கள்

இந்திய வானிலை ஆய்வுத் துறையிலும் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்திலும் கருவிகளை மாற்றும் முடிவு எடுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் ஓய்வு பெற்ற வானிலை நோக்கர். பலூன் விட்டு, வெயில் அட்டை மாற்றி, பேரேட்டில் எண் எழுதிச் சம்பளம் வாங்கியவன். தானியங்கிக் கருவிகள் வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. தாராளமாக வரட்டும். புதியது வந்து இறங்கிய கையோடு பழையதைக் கழற்றிக் கிடங்கில் போடாதீர்கள் என்பதுதான் என் விண்ணப்பம்.

வெயில் அட்டையை எடுத்துக்கொள்வோம். கேம்பல்-ஸ்டோக்ஸ் கருவியை நிலையத்து மாடியில் பார்த்திருப்பீர்கள். சுமார் பத்து செ.மீ. விட்டத்தில் ஒரு கண்ணாடி உருண்டை, அதன் பின்னே வளைந்த கிண்ணத்தில் செருகிய அட்டை. உருண்டை வெயிலைக் குவித்து அட்டையைப் பொசுக்கிக் கோடு போடும். மேகம் மறைத்தால் கோடு அறுந்துபோகும். பொழுது சாய்ந்ததும் அட்டையை உருவி, தேதி எழுதி, பொசுங்கிய நீளத்தை அளந்து மணிக்கணக்கில் ஏட்டில் ஏற்றுவோம். சித்திரை மாத அட்டை என்றால் ஒரே கோடு, வேலை நிமிடத்தில் முடிந்துவிடும். ஐப்பசியில் மேகம் வருவதும் போவதுமாக இருக்கும் நாளில் அட்டை முழுக்கப் புள்ளி புள்ளியாகச் சுட்டிருக்கும். அதற்கும் விதி உண்டு: இரண்டு மூன்று புள்ளிக்கு 0.1 மணி, நான்கிலிருந்து ஆறு வரை 0.2 மணி. விதி இருந்தும் ஒரே அட்டையை இரண்டு பேர் அளந்தால் இரண்டு விடை வரும். சில விநாடி வெயிலே நன்றாகப் பெரிய வடுவைப் போட்டுவிடுவதால், இப்படிப்பட்ட நாட்களில் அட்டை வெயிலைக் கூட்டியே காட்டும். முந்தின இரவு மழையில் ஊறிய அட்டையோ காலை வெயிலுக்கு லேசில் பொசுங்காது.

மின்னணு உணரியின் கணக்கு வேறு. சதுர மீட்டருக்கு 120 வாட்டுக்கு மேல் நேரடி ஒளி விழுந்தால் வெயில், இல்லாவிட்டால் இல்லை. உலக வானிலை அமைப்பு வகுத்த எல்லை அது. அட்டை பொசுங்கத் தொடங்கும் அளவு ஈரத்தையும் தூசியையும் பொறுத்து 70 வாட்டிலிருந்து 280 வாட் வரை அலையும். ஆக, ஒரே மாடியில், ஒரே நாளில், இரண்டும் வெவ்வேறு மணி சொல்லும். சேர்த்து ஓட்டிப் பார்க்காமல் ஒன்றை எடுத்து இன்னொன்றை வைத்தால், இந்த ஊரில் இன்ன ஆண்டிலிருந்து வெயில் குறைந்துவிட்டது என்று பிற்பாடு யாராவது ஆய்வுக் கட்டுரையே எழுதிவிடுவார்கள். மாறியது கருவி மட்டும்தான் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இந்த விஷயத்தில் சூரியப் புள்ளிகளை, அதாவது சூரியனின் முகத்தில் தோன்றி மறையும் கருந்திட்டுகளை, எண்ணியவர்கள் நமக்கு மூத்தவர்கள். 1849இல் சுவிட்சர்லாந்து வானியலாளர் ருடால்ஃப் வோல்ஃப் தொடங்கிய கணக்கு எளிமையானது: புள்ளிக் கூட்டங்களின் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கி, அதோடு மொத்தப் புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். மிகச் சிறிய புள்ளிகளை அவர் சேர்த்துக்கொள்ளவில்லை. சூரிச்சில் அவருக்கு உதவியாளராக வந்த ஆல்ஃபிரட் வோல்ஃபர் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் எண்ணினார். அவர் எண்ணிக்கை எகிறியது. இருவரும் சண்டை போடவில்லை, 1877 முதல் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே சூரியனைத் தனித்தனியே எண்ணிக்கொண்டு வந்தார்கள். வோல்ஃபரின் எண்ணை 0.6ஆல் பெருக்கினால் வோல்ஃபின் எண் வரும் என்பது அந்த நீண்ட இணைப்பதிவிலிருந்து கிடைத்தது. 1893இல் வோல்ஃப் இறந்தபோது வரிசை அறுந்துபோகவில்லை.

பின்னால் வந்தவர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. ஏறத்தாழ 1947 முதல் சூரிச்சில் பெரிய புள்ளி ஒன்றை மூன்றாகவும் ஐந்தாகவும் எடை போட்டு எண்ணும் முறை முழு வழக்கத்துக்கு வந்தது. எண்கள் ஏறத்தாழ 18 விழுக்காடு வீங்கின. 1981இல் கணக்குப் பிரஸ்ஸல்ஸுக்குப் போனது. ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்ட, சுவிட்சர்லாந்தின் லொகார்னோ நிலையத்தின் எண்ணிக்கை மெல்ல விலகியதும் பிறகுதான் தெரிந்தது. 2015 ஜூலையில் மொத்த வரிசையையும் திருத்தி வெளியிட வேண்டியதாயிற்று. பல்லாண்டு காலம் பாடநூல்களில் அச்சான வரைபடத்தையே மாற்ற வேண்டிவந்தது. இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வகத்தின் கதையும் அப்படித்தான். 1874 முதல் புகைப்படத் தகடுகளில் புள்ளிகளின் பரப்பை அளந்தவர்கள் 1976இல் நிறுத்திக்கொண்டார்கள். அடுத்து வந்த அமெரிக்க வலையமைப்பின் பரப்புகளைச் சுமார் 1.4ஆல் பெருக்கினால்தான் பழையதோடு பொருந்துகிறது. அந்த எண்ணின் துல்லியத்தைப் பற்றி இன்றும் வாதம் நடக்கிறது.

கிரீனிச்சில் மேகம் மூடிய நாட்களை நிரப்பப் போன தகடுகளில் கொடைக்கானலின் தகடுகளும் உண்டு. அந்தப் பெருமையை நாம் அவ்வளவாகச் சொல்லிக்கொள்வதில்லை. 1876-78 தாது வருசப் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியப் புள்ளிக்கும் மழைக்கும் தொடர்பு இருக்குமோ என்ற கேள்வி பழனி மலையில் ஆய்வகம் எழ ஒரு காரணம். 1899இல் வானியலாளர் மிச்சி ஸ்மித் அங்கே பணியைத் தொடங்கினார். புள்ளியைப் பார்த்து மழையைச் சொல்லும் ஆசை பலிக்கவில்லை. வானிலைத் துறைக்குத் தலைமை வகித்த கில்பர்ட் வாக்கர் புள்ளிவிவரங்களை அலசிப் பார்த்தும் நம்பத்தக்க பிடி எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் தினம் எடுத்த தகடு தகடாகவே இருந்தது. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் புள்ளிகளின் ஓரத்தில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை அங்கேதான் கண்டார். 1918 முதல் அதே 15 செ.மீ. வில்லை, அதே 20 செ.மீ. சூரியப் படம். உலகில் இவ்வளவு நீண்ட, இவ்வளவு சீரான வரிசைகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. கையால் வரைந்த சூரிய வரைபடங்களும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் சேர்ந்திருக்கின்றன. கணினி தானே புள்ளியைக் கண்டுபிடிக்கும் இந்தக் காலத்தில் ஒருவர் உட்கார்ந்து வரைவது எதற்கு என்று கணக்குப் பிரிவு கேட்கலாம். பன்னாட்டுப் புள்ளி எண் இன்றுவரை சிறு தொலைநோக்கியில் மனிதக் கண் எண்ணியதை வைத்தே கணிக்கப்படுகிறது. இதுதான் அதற்குப் பதில்.

பலூனில் கருவி கட்டி உயரத்துக் காற்றை அளக்கும் மேல்வளிப் பதிவில் இன்னும் சிக்கல். காலை ஐந்தரை மணிப் பதிவுக்குப் பலூன் விடும்போது மார்கழியில் தரை இருட்டாக இருக்கும். கருவி விநாடிக்கு ஐந்து மீட்டர் வீதம் ஏறி, பதினாறு பதினேழு கிலோமீட்டரில் சுழியத்துக்குக் கீழ் 80 பாகைக் குளிரைத் தாண்டும்போது அதன் மீது வெயில் அடித்துக்கொண்டிருக்கும். காற்று அங்கே அவ்வளவு மெல்லியது. வெப்பஉணரி காற்றின் சூட்டோடு தன் மேல் பட்ட வெயிலின் சூட்டையும் சேர்த்துச் சொல்லும். கருவிக்குக் கருவி இந்தப் பிழை மாறும். பழைய கருவிகளில் அதிகம், புதியவற்றில் குறைவு. வெப்பமண்டல மேல்வளி பல ஆண்டுகள் சூடேறாதது போலவே தோன்றியதற்கு இதுவும் காரணம் என்று 2005இல் ஸ்டீவன் ஷெர்வுட்டும் உடன் ஆய்ந்தவர்களும் காட்டினார்கள். நம் நிலையங்களில் 2009 முதல் படிப்படியாக ஜிபிஎஸ் கருவிகள் வந்தன. மிக நல்ல மாற்றம். அதற்கு முந்தைய வரிசையோடு அதை ஒட்டவைக்க, இரண்டு கருவிகளையும் ஒரே பலூனில் கட்டி விட்ட பதிவுகள் தேவை. அவை இருந்தால் நிலையவாரியாகப் பொதுவில் வையுங்கள். இல்லையென்றால் அடுத்த மாற்றத்துக்காவது செய்யுங்கள்.

குறைந்தது ஓராண்டு, முடிந்தால் இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் இணையாக ஓட்டச் சொல்லிப் பன்னாட்டு வழிகாட்டுதல் இருக்கிறது. நம் ஊருக்கு ஓராண்டு பத்தாது. வடகிழக்குப் பருவமழை ஒரு வருடம் ஏமாற்றும், மறு வருடம் ஊரையே மிதக்க விடும். இரண்டு வகை ஐப்பசியையும் இரண்டு கருவிகளும் பார்க்க வேண்டும். சூரியனுக்கோ இரண்டு ஆண்டும் போதாது. 2019இல் 270 நாட்களுக்கு மேல் புள்ளியே இல்லை. அப்படி ஒரு காலத்தில் இரண்டு தொலைநோக்கிகளை ஒப்பிட்டால் சைபரும் சைபரும் அழகாகப் பொருந்தும், அவ்வளவுதான். புள்ளிகள் கூடிக் குறையும் ஒரு முழுச் சுழற்சி, அதாவது சுமார் பதினோரு ஆண்டு, பழையதும் புதியதும் சேர்ந்தே ஓட வேண்டும். ஆள் சம்பளம், மலைக்குளிரில் பராமரிப்பு எல்லாம் செலவுதான். விட்ட நாளைப் பிறகு எந்த நிதி ஒதுக்கீட்டாலும் அளக்க முடியாது.

இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கிறேன். கருவி மாறிய தேதி, இடம் மாறிய தேதி, மாடிக்குப் பக்கத்தில் கட்டடம் எழும்பி மாலை வெயிலை மறைக்கத் தொடங்கிய தேதி, இவற்றை நிலையத்துக் கோப்பில் பூட்டி வைக்காமல் தரவோடு சேர்த்தே வெளியிடுங்கள். திருத்தம் போட்ட எண்ணோடு திருத்தாத எண்ணும் இருக்கட்டும். பொசுங்கிய அட்டைகளை இடமில்லை என்று பழைய பேப்பர்காரருக்குப் போடும் முன் ஒரு முறை ஸ்கேன் செய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வானிலை நோக்கர் ஒருவர்