முகமாலையிலிருந்து, மாரி முடிந்த கையோடு

பளை,
தை மாதம்.

அன்புத் தோழிக்கு,

உன் குரல் பதிவு வந்து இரண்டு கிழமை ஆகிவிட்டது. மிதிவெடிகளை எப்படி எடுக்கிறோம், எப்போது முடியும் என்று நீ கேட்டதற்கு ஒரு நிமிடத்தில் பதில் சொல்லி முடிக்க முடியாது. அதனால் பள்ளிக்கூடக் காலத்தில் எழுதியது போல இருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டு.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் முகமாலைக் காணியில் உன் தம்பி கிணறு இறைத்து, பின்வேலி அடைத்து, ஜேசிபி விட்டு வெள்ளவாய்க்கால் வெட்டப் போவதாகச் சொன்னாய். கிணறு இறைக்கட்டும். வீடு இருந்த இடமும் கிணற்றடியும் மிதிவெடி அகற்றி, எழுத்தில் ஒப்படைத்த நிலம். பின்வேலிப் பக்கம் மட்டும் ஒரு அடி கூட வைக்க வேண்டாம் என்று சொல். அங்கே மிதிவெடி எல்லையைக் காட்டும் சிவப்புத் தடிகள் இன்னும் நிற்கின்றன. போன கிழமை நானே போய்ப் பார்த்தேன்.

2002 சித்திரையில், யாழ்ப்பாணம் போகிற ஏ-9 பாதை திறந்தபோது நாங்கள் அந்த வழியால் வந்தது நினைவிருக்கிறதா? இரண்டு சோதனைச்சாவடிக்கும் இடையில் செஞ்சிலுவைக் கொடி. ரோட்டை விட்டு இறங்க வேண்டாம் என்று உன் அம்மா என் கையையும் சேர்த்துப் பிடித்திருந்தார். நான் தலையில்லாத பனைகளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். அந்தப் பனைகளின் கீழேதான் இப்போது எனக்கு வேலை. 2000ஆம் ஆண்டிலிருந்து சண்டை தெற்கே நகரும் வரை அது இராணுவமும் புலிகளும் நேருக்கு நேர் நின்ற முன்னரங்கு. இரண்டு பக்கமும் மண் அணை கட்டி, அதன் முன்னால் வரிசை வரிசையாக மிதிவெடிகளைப் புதைத்தார்கள். வரிசைக்கு மேல் வரிசை. 2010இலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் முடியவில்லை.

எப்படி எடுக்கிறோம் என்று கேட்டாயே. மணல் பாங்கான நிலம் என்பதால் எங்களுக்கு வாரிதான், மண்ணைக் கிளறி இழுக்கும் பல் வைத்த கைக்கருவிதான், முக்கியமான ஆயுதம். ஒரு மீட்டர் அகலப் பாதை. அதன் தொடக்கத்தில் ஒரு குழி. பிறகு குழியின் முன்சுவரை வாரியால் கொஞ்சம் கொஞ்சமாக நம் பக்கம் இழுக்க வேண்டும். மிதிவெடியின் தலையில் பாரம் விழாமல் விலாப்பக்கத்திலிருந்து போய்ச் சேருகிற வழி அது. முகத்துக்கு முன் தடித்த கண்ணாடி, நெஞ்சிலிருந்து தொடை வரை பாரமான கவசம். பங்குனி வெயிலில் கண்ணாடிக்குள் வியர்வை கண்ணை எரிக்கும், துடைக்க முடியாது. ஒரு நாள் முழுக்க வாரினாலும் ஒரு ஆளுக்குச் சில சதுர மீட்டர்தான். எங்கள் அணியில் பாதிக்கு மேல் பெண்கள். குடும்பத்தைத் தனியே சுமக்கிறவர்கள்.

போன மாதம் எனக்கு ஒரு மரப்பெட்டி மிதிவெடி வந்தது. ஊரில் ஜொனி என்று சொல்வோமே, அது. பெட்டிப் பலகை உக்கி, விரலால் தொட்டால் தேயிலைத் தூள் மாதிரி உதிரும் போல இருந்தது. ஒரு மூலையில் கறையான் மண். ஆனால் உள்ளே இருந்த வெடிமருந்து அப்படியே இருந்தது. இத்தனை வருடத்தில் தானாகவே செத்துப் போயிருக்கும் என்று ஊரில் ஆட்கள் கதைப்பதைக் கேட்டால் எனக்குப் பயமாக இருக்கிறது. உன் தம்பியும் அதைத்தான் சொல்வார். அவருக்கு இந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்.

அப்புறம் மழை. இதைத்தான் நான் முக்கியமாக எழுத நினைத்தேன்.

2018 மார்கழியில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இரவோடு இரவாக வெள்ளம் வந்ததும், இரணைமடுக் குளத்துக் கதவுகளைத் திறந்ததும் நீ செய்தியில் பார்த்திருப்பாய். சனம் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடங்களுக்கு ஓடியது. இருட்டில், கழுத்தளவு பயத்தில் ஓடுகிறவர் பாதையா பற்றையா என்று பார்ப்பாரா? அன்றிலிருந்து எனக்கு இந்த யோசனை விடவில்லை. வெள்ள நேரத்தில் எந்தப் பாதையால் ஓடுவது என்ற படம் ஓரிடத்தில் இருக்கிறது. மிதிவெடி எங்கே என்ற படம் இன்னோரிடத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து எத்தனை ஊரில் பார்த்திருக்கிறோம்?

இந்த மாரிக்கு முன் ஒரு கிராமத்தில் அனர்த்த ஆயத்தக் கூட்டம் வைத்தார்கள். கிராம சேவகர், மீனவர் சங்கத்து ஐயா, ஆசிரியர்கள் எல்லோரும் வந்தார்கள். வெள்ளைத்தாளில் ஊர்ப்படம் கீறி, தண்ணீர் ஏறும் இடத்துக்கு நீலம், பள்ளிக்கூடத்துக்குப் பச்சை, ஓடும் பாதைக்கு அம்புக்குறி. நல்ல வேலை. நான் என் பையிலிருந்து எங்கள் படத்தை எடுத்து அதன் பக்கத்தில் விரித்தேன். ஒரு அம்புக்குறி நேரே சிவப்புப் பகுதியின் ஓரத்தால் போனது. கூடத்தில் ஒரு சத்தம் இல்லை. பிறகு அந்த மீனவர் ஐயா எழுந்து வந்து, தன் கையாலேயே அம்பை அழித்து, கோயில் வீதியால் சுற்றிக் கீறினார். பத்து நிமிடம் கூடுதல் நடை. ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

தண்ணீர் இன்னொன்றும் செய்யும். மாரி முடிந்து நாங்கள் வேலைக்குத் திரும்பியபோது, தாழ்வான பக்கத்தில் எல்லைத் தடிகள் ஏழெட்டுப் பிடுங்கப்பட்டுக் கிடந்தன. சிவப்புத் தலை போட்ட ஒரு தடி, துப்புரவான பக்கத்தில், ஆடு மேய்கிற புல்லுக்குள். அதைப் பார்த்து எல்லை எது என்று யாராவது முடிவெடுத்தால்? அன்று வாரியைத் தொடாமல், அளவு எடுத்து ஒவ்வொரு தடியையும் திரும்ப நட்டோம். எங்கள் பயிற்சியில் பொஸ்னியாவைப் பற்றிச் சொல்லித் தந்தார்கள். 2014 மே மாத வெள்ளத்தில் அங்கே எச்சரிக்கைப் பலகைகள் அடிபட்டுப் போயின, மண்சரிவோடு மிதிவெடிகளும் இடம் மாறின. சண்டை முடிந்து ஏறக்குறைய 20 வருடம் கழித்து. மொசாம்பிக்கிலும் 2000ஆம் ஆண்டு வெள்ளத்தில் இதே பயம் இருந்தது. அவர்கள் விடாமல் எடுத்து 2015இல் நாட்டையே மிதிவெடி அற்றதாக அறிவித்தார்கள். அதை நினைத்தால் எனக்குக் கண் கலங்கும்.

இங்கே உன் காணியில் இருப்பதும் அதே கதைதான். பின்பக்கத்து மண் அணை மாரிக்கு மாரி கரைகிறது. அணைக்குள்ளும் அதன் முன்னாலும் என்னென்ன இருக்கிறது என்று நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. சீனத் தயாரிப்புப் பிளாஸ்டிக் மிதிவெடி ஒன்று உள்ளங்கைக்குள் அடங்கும், பாரமே இல்லை. அணைக்குக் கீழால் வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் அதைக் கிணற்றடிக்கு இழுத்து வந்து விடலாம். ஆகவே வாய்க்கால் கட்டாயம் வேண்டும், ஆனால் அணையை எடுத்த பிறகு. கவசம் போட்ட இயந்திரத்தால் அணையைப் பிரித்து மண்ணை அரித்துப் பார்த்துத்தான் எடுப்பார்கள். அதுவரை குப்பையையும் பற்றையையும் வளவில் எரிக்கவும் வேண்டாம். மண்ணுக்குள் கிடக்கும் எறிகணை நெருப்புக்கு வெடிக்கும். பழைய இரும்பு பொறுக்க வருகிற பொடியன்களையும் வளவுக்குள் விட வேண்டாம். மாரிக்குப் பிறகு புதிதாக எது மண்ணுக்கு மேல் தெரிந்தாலும், வந்த கால்தடத்திலேயே திரும்பி நடந்து, கிராம சேவகருக்குச் சொன்னால் போதும். எங்களில் யாராவது வருவோம்.

எப்போது முடியும் என்றும் கேட்டாய். மிதிவெடிகளைத் தடை செய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 மார்கழியில் சேர்ந்தது. அதன்படி 2028 ஜூன் 1க்குள் நாடு முழுக்க எடுத்து முடிக்க வேண்டும். 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்தபோது நாங்கள் சரியாகத் தூங்கவில்லை. சம்பளம் ஒரு பக்கம், பாதியில் விட்ட பாதைகள் இன்னொரு பக்கம். பாதி எடுத்த நிலத்தில்தான் சனத்துக்குத் துணிச்சல் வரும், அதுதான் ஆபத்து. நீ இருக்கும் நாட்டில் இதைப் பற்றிக் கதைக்க இடம் கிடைத்தால் கதை.

என் மூத்தவள் சாதாரண தரம் எழுதப் போகிறாள். கணக்கில் உன்னைப் போல. அம்மாவின் முழங்கால் நோவு எப்படி?

அம்மாவிடம் ஒன்று கேட்டு எழுது. 2000ஆம் ஆண்டு இடம்பெயர்வதற்கு முன் உங்கள் பின்வேலியால் வெள்ளம் எந்தப் பக்கமாக ஓடியது? பின்மூலையில் ஒரு மாமரத்து அடிக்கட்டை தெரிகிறது. அது அந்தக் கறுத்தக்கொழும்பான்தான் என்றால், பழைய வாய்க்கால் அதற்குக் கிழக்கே போனதா மேற்கே போனதா? ஒரு தாளில் கீறிப் படம் எடுத்து அனுப்பச் சொல். எங்கள் அணி அந்தப் பக்கம் திரும்பும்போது அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் முதல் தடி நடுவேன்.

அன்புடன்,
உன் வாங்குத் தோழி