தெரிந்துகொள்ளப்பட்டவளா என்று கேட்ட மகளுக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. பாளையங்கோட்டையில் நாங்கள் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இரண்டு பேரும் கேட்டோம். "உடனே போன் போடுங்க" என்றாள் அம்மா. போனில் நீ அழுவாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

உன்னோடு வேலை பார்க்கிற பெண் நெதர்லாந்தில் தன் சொந்த ஊர்ப்பக்கமான சீலாந்துக்கு உன்னைக் கூட்டிப்போனது நல்லது. அந்தச் சபையில் சங்கீதங்கள் மட்டும் பாடினதையும், பெண்கள் எல்லாரும் தொப்பி போட்டிருந்ததையும் அம்மா ரசித்துக் கேட்டாள். அப்புறம் நீ சொன்னதுதான் எங்களை உலுக்கியது. திருவிருந்துக்கு அழைத்தபோது சிலர் மட்டும் எழுந்து போனார்கள், மற்ற சபையார் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அவளுடைய பாட்டி வாழ்நாளில் ஒருமுறைகூட அந்த அப்பத்தைத் தொட்டதில்லை. இரட்சிப்புக்கென்று தேவன் தன்னைத் தெரிந்துகொண்டிருக்கிறாரா, அதாவது முன்னமே தெரிந்தெடுத்திருக்கிறாரா என்று நிச்சயம் வரவில்லையாம். அன்றிலிருந்து உனக்கும் அதே கேள்வி, தூக்கமும் இல்லை என்கிறாய்.

முதலில், அந்தப் பாட்டியைக் குறைவாக நினைத்துவிடாதே. இங்கே நாம் வரிசையாகப் போய் முழங்காற்படியிடுகிறோம், பாதிப் பேருக்கு வீட்டில் கறி வெந்ததா என்ற நினைப்பு. அவர்கள் தேவனுக்குப் பயந்து எட்ட நிற்கிறவர்கள். ஆனாலும் அந்தப் பயம் தப்பான இடத்தில் போய் நிற்கிறது என்பதுதான் என் எண்ணம்.

நீ இருக்கிற ரோட்டர்டாமுக்குப் பக்கத்தில்தான் தோர்த்ரெக்ட். தேவன் யாரை, எதை வைத்துத் தெரிந்துகொள்கிறார் என்ற பழைய சண்டைக்குத் தீர்ப்பு எழுதின ஊர் அது. லெய்டன் பல்கலைக்கழகத்தில் ஆர்மீனியுஸ் என்ற பேராசிரியர் இருந்தார். ஜெனீவாவில் சபைச் சீர்திருத்தக்காரர் கால்வினுக்குப் பின் வந்த பேசாவிடமே படித்தவர். யார் விசுவாசிப்பார்கள் என்று முன்னறிந்தே தேவன் அவர்களைத் தெரிந்துகொண்டார், கிருபையை மனுஷன் எதிர்த்துநிற்க முடியும் என்று அவர் போதித்தார். அதே பல்கலைக்கழகத்தில் இருந்த கொமாருஸுக்கு இது ஆகவில்லை. தெரிந்துகொள்ளுதலுக்குக் காரணம் தேவனுடைய சித்தம் மட்டுமே, மனுஷனிடத்தில் முன்னறிந்த எதுவும் அல்ல என்பது அவர் கட்சி. நீ கேட்ட யூடியூப் பிரசங்கத்தில் ஆர்மீனியுஸ் ஏதோ 'மனுஷன் தன்னைத் தானே இரட்சித்துக்கொள்கிறான்' என்று சொன்னது போலப் பேசினார்களே, அது அநியாயம். கிருபை முந்திக்கொள்ளாமல் யாரும் ஒரு அடிகூட எடுத்துவைக்க முடியாது என்றுதான் அவரும் சொன்னார்.

1609-இல் அவர் இறந்தார். அடுத்த வருஷம் அவரைச் சேர்ந்த போதகர்கள் ஐந்து பிரிவுகளில் ஒரு விண்ணப்பம் எழுதினார்கள். விசுவாசி விழுந்துபோக முடியுமா என்ற கேள்விக்கு, வேதத்தை இன்னும் ஆராய்ந்துதான் சொல்ல வேண்டும் என்று எழுதினார்கள். எனக்கு அதில் மிகவும் பிடித்த இடம் அதுதான். அந்த அடக்கம் அப்புறம் இரண்டு பக்கத்திலும் காணாமல் போய்விட்டது. அரசியலும் உள்ளே வந்தது. விண்ணப்பக்காரர்களுக்கு ஆதரவாக ஓல்டன்பார்னவெல்ட் என்ற முதிய அரசியல் தலைவர், எதிர்ப்பக்கத்தில் இளவரசர் மவுரிஸ். 1618 நவம்பரில் தோர்த்ரெக்டில் திருச்சபைச் சங்கம் கூடியது. இங்கிலாந்திலிருந்தும் ஜெனீவாவிலிருந்தும்கூட ஆட்கள் வந்தார்கள். விண்ணப்பக்காரர்களை ஜனவரியில் வெளியே அனுப்பிவிட்டு, மே மாதம்வரை உட்கார்ந்து அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பு எழுதினார்கள். அதே மே 13-ஆம் தேதி ஹேக் நகரத்தில் ஓல்டன்பார்னவெல்ட்டின் தலையை வெட்டினார்கள். வயது 71. அவர் பக்கம் நின்ற குரோஷியுஸ் என்ற சட்ட அறிஞருக்கு ஆயுள் சிறை. அவர் மட்டும் 1621-இல் புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து தப்பினார். அந்தப் பெட்டி எங்களிடம்தான் இருக்கிறது என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள் சொல்லிக்கொள்கின்றன, லீவில் போய்ப் பார்.

இதே கேள்வியில் கத்தோலிக்கரும் சண்டை போட்டார்கள், தொமினிக்கன் சபையார் ஒரு பக்கம், இயேசு சபையார் இன்னொரு பக்கம். ரோமில் வருஷக்கணக்காக விசாரித்துவிட்டு 1607-இல் போப் ஐந்தாம் பவுல் என்ன செய்தார் தெரியுமா? ஒருவரையொருவர் வேதப்புரட்டர் என்று சொல்லக் கூடாது, தீர்ப்பு பிறகு வரும் என்று அனுப்பிவிட்டார். அந்தத் தீர்ப்பு இன்றுவரை வரவில்லை. நாம் புராட்டஸ்டண்டுகள்தான், ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் என் ஓட்டு அந்தப் போப்புக்கு.

சரி, தோர்த்ரெக்ட் சங்கம் எழுதின அந்தத் தீர்ப்பை, பாட்டியின் சபை பிடித்துக்கொண்டிருக்கிற தோர்த் தீர்மானங்களையே எடுத்துப் படி. முதல் அதிகாரம், 16-ஆம் பிரிவு. விசுவாசம் உறுதியாக உள்ளே தெரியவில்லை, ஆனால் வசனத்தையும் ஜெபத்தையும் விடாமல் பிடித்திருக்கிறார்கள் என்றால், அப்படிப்பட்டவர்கள் கலங்க வேண்டாம், தங்களைத் தள்ளப்பட்டவர்களோடு சேர்த்துக்கொள்ளவும் வேண்டாம் என்கிறது. நெரிந்த நாணலை முறியாதவர், மங்கியெரிகிற திரியை அணையாதவர் என்ற ஏசாயா வசனத்தைத்தான் அங்கே காட்டுகிறார்கள். அவ்வளவு கடினமான கூட்டம் என்று பெயர் வாங்கினவர்களே பாட்டிக்கு இப்படி எழுதிவைத்திருக்கிறார்கள்.

17-ஆம் பிரிவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். விசுவாசிகளின் பிள்ளைகள் சிசுவாகவே இறந்தால், அவர்கள் தெரிந்துகொள்ளப்பட்டவர்களா என்று தேவபக்தியுள்ள பெற்றோர் சந்தேகப்படக் கூடாது என்கிறது அது. உனக்கு முன் பிறந்து மூன்றாம் நாளே போன உன் அண்ணனுக்கு ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. அவன் போய் ரொம்ப வருஷம் கழித்துத்தான் இதைப் படித்தேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள், "அந்த வார்டில் பக்கத்துக் கட்டில்காரிக்கும் பிள்ளை தங்கலியே, அவ இந்து, கோயிலுக்குப் போறவ. அந்தப் பிள்ளைக்கு என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள். அதற்கு அந்தப் பிரிவில் ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் நான் கொமாருஸை விட்டு விலகிவிட்டேன். எல்லா மனுஷரும் இரட்சிக்கப்பட அவர் சித்தமுள்ளவர் என்று தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கிறதே, அதைச் சுருக்கிப் படிக்க என்னால் முடியவில்லை.

ரோமர் 9 உன்னைப் பயமுறுத்துகிறது என்றாய். யாக்கோபைச் சிநேகித்து ஏசாவை வெறுத்தது, குயவன் களிமண், எல்லாம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் பவுல் அங்கே தன் சொந்த ஜனமான இஸ்ரவேல் கைவிடப்பட்டதா என்று கண்ணீரோடு கேட்கிறார், யாரோ ஒரு தனி ஆளின் தலையெழுத்தைப் பார்க்க உட்காரவில்லை. 9-இல் நிறுத்தாமல் 11 முடியப் படி. "எல்லார்மேலும் இரக்கமாயிருக்கத்தக்கதாக" என்ற இடத்துக்கு வந்து, அதற்கு மேல் வாதம் செய்யாமல் 'ஆ!' என்று துதிக்கத் தொடங்கிவிடுகிறார். முன்குறித்தல், அதாவது தேவன் முன்னமே நம்மைக் குறித்துவைத்தார் என்பது இப்படி, வந்த வழியைத் திரும்பிப் பார்த்து நன்றி சொல்வதற்கு. முன்னால் வைத்து, நான் உண்டா இல்லையா என்று பரீட்சை முடிவு மாதிரித் தேடுவதற்கு அல்ல.

நம் பக்கத்து நோயும் உனக்குத் தெரியும். கன்வென்ஷன் பந்தலில் கை தூக்கச் சொல்வார்கள். அப்புறம் உன் சித்தி வந்து, "நீ ரட்சிக்கப்பட்டது என்ன தேதி?" என்று கேட்பாள். தேதி இல்லாவிட்டால் தொலைந்தோம். அங்கே தேவன் தீர்மானித்தாரா என்று உள்ளே தேடுகிறார்கள், இங்கே நான் தீர்மானித்தது உண்மையா என்று உள்ளே தேடுகிறோம். கால்வினே இதைத் தடுத்திருக்கிறார். உன் தெரிந்துகொள்ளுதலை உனக்குள் தேடாதே, கிறிஸ்துவே அதைப் பார்க்கிற கண்ணாடி என்று எழுதினவர் அவர். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே எத்தனை பேர் கண்ணாடியை விட்டுவிட்டார்கள்!

பிலிப்பியர் 2-இல் பவுல் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார்: பயத்தோடும் நடுக்கத்தோடும் உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள், ஏனெனில் விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே. இது எப்படிப் பொருந்தும் என்று என்னைக் கேட்காதே. 1739-இல் தொடங்கி இங்கிலாந்துப் பிரசங்கிமாரான வெஸ்லியும் ஒயிட்பீல்டும் இதற்காகப் பகிரங்கமாகவே மோதினார்கள். ஆனாலும் 1770-இல் ஒயிட்பீல்ட் இறந்தபோது அவருக்காக லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லிதான். நம் சி.எஸ்.ஐ.யையே, தென்னிந்தியத் திருச்சபையையே பார். 1947 செப்டம்பர் 27-இல் ஆங்கிலிக்கன்களும், வெஸ்லியின் வழிவந்த மெதடிஸ்டுகளும், கால்வின் வழிவந்த பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபையாரும் ஒன்றாகச் சேர்ந்தார்கள். முன்குறித்தலைத் தீர்த்துவிட்டுச் சேரலாம் என்று காத்திருந்தால் இன்றைக்கும் சேர்ந்திருக்க மாட்டார்கள்.

இனி நீ செய்ய வேண்டியது. ரோட்டர்டாமில் ஆங்கிலிக்கன் சபை ஒன்று இருக்கிறது. வருகிற ஞாயிறு அங்கே போ. சி.எஸ்.ஐ.யில் திடப்படுத்தல் (கன்ஃபர்மேஷன்) பெற்றவள் என்று ஆயரிடம் சொல், சேர்த்துக்கொள்வார்கள். நிச்சயம் வரட்டும், அப்புறம் எடுக்கலாம் என்று காத்திருக்காதே. சந்தேகத்தோடேயே போய்க் கையை நீட்டு. சீலாந்துப் பாட்டியையும் விட்டுவிடாதே. மறுபடி கூப்பிட்டால் போ. 16-ஆம் பிரிவை அவர்கள் டச்சு மொழியில் அவரே வைத்திருப்பார், உனக்கு வாசித்துக் காட்டச் சொல். நீ விளக்கம் சொல்ல வேண்டாம், கேட்டுக்கொண்டிரு.

அம்மா இட்லிப்பொடியும் கருப்பட்டியும் பார்சல் போட்டிருக்கிறாள். வந்ததும் சொல்.

ஜெபத்துடன்,
அப்பா