‘சிலபஸ்’ பன்மைக்குச் சிவப்பு மை ஏன்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏழாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி, ஆங்கிலத் தேர்வில் ‘சிலபஸ்’ என்பதன் பன்மையைச் ‘சிலபஸஸ்’ என்று எழுதியதற்காக அரை மதிப்பெண்ணை இழந்து வந்தாள். விடைத்தாளில் அச்சொல்லின் வால் சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, மேலே ‘சிலபை’ என்று திருத்தப்பட்டிருந்தது. ஆங்கில அகராதிகள் இரண்டு வடிவங்களையுமே ஏற்கின்றன.

‘அஸ்’ என்று முடிந்தால் லத்தீன், லத்தீன் என்றால் பன்மை ‘ஐ’ என்று வாய்பாடுபோல் ஒப்பிக்கச் செய்வதில்தான் கோளாறு இருக்கிறது. கேக்டஸ், ஃபங்கஸ் ஆகியவற்றுக்கு அது பொருந்தும். ஆக்டோபஸோ கிரேக்க வேர் கொண்டது; அதன் கிரேக்கப் பன்மை ‘ஆக்டோபோடீஸ்’ என்பதால், ‘ஆக்டோபை’ லத்தீன் முறைக்கும் சேராது, கிரேக்க முறைக்கும் சேராது. லத்தீனில் நஞ்சைக் குறித்த ‘வைரஸ்’ என்னும் சொல்லுக்குப் பழைய நூல்களில் பன்மையே காணப்படுவதில்லை.

சிலபஸின் கதை இன்னும் வேடிக்கையானது. பண்டைய ரோமின் புகழ்பெற்ற சொற்பொழிவாளர் சிசரோ தம் நண்பர் அட்டிகஸுக்கு எழுதிய கடிதங்கள் 15ஆம் நூற்றாண்டில் அச்சேறியபோது, ஏட்டுச் சுருளில் ஒட்டும் பெயர்ச்சீட்டுகளைக் குறித்த ‘சிட்டிபாஸ்’ என்ற கிரேக்கச் சொல் தவறாகப் படிக்கப்பட்டதிலிருந்தே இச்சொல் பிறந்தது. அந்தச் ‘சிட்டிபாஸ்’ இரண்டாம் வேற்றுமை ஏற்ற பன்மை வடிவம். ஏற்கெனவே பன்மையாக இருந்ததைப் பிழையால் ஒருமையாக்கிவிட்டு, அதற்கு லத்தீன் இலக்கணப்படி மீண்டும் பன்மை கேட்டுக் குழந்தையின் மதிப்பெண்ணைக் குறைக்கிறோம். நாம் அன்றாடம் ஏறும் ‘பஸ்’ஸும் இத்தகையதே. ‘எல்லோருக்கும்’ எனப் பொருள்படும் ‘ஆம்னிபஸ்’ என்ற நான்காம் வேற்றுமைப் பன்மைச் சொல்லில், தலை போய் உருபின் வால் மட்டும் எஞ்சிய சொல் அது. (‘எல்லோருக்கும்’ என்பதை ‘ருக்கும்’ என்று சுருக்கி வண்டிக்குப் பெயரிட்டது போல!) நல்லவேளையாக, அதற்குப் ‘பை’ என்று பன்மை கேட்பார் எவருமில்லை.

சிவப்பு மைக்கு உண்மையில் வேலை இருக்குமிடம் வேறு. ‘ஒரு கிரைடீரியா’, ‘ஒரு ஃபினாமினா’ என்று பன்மையை ஒருமையாக எழுதும் வழக்கம் பட்டதாரிகளின் விண்ணப்பங்களில்கூடத் தென்படுகிறது. கிரைடீரியன், ஃபினாமினன் என்பவையே அவற்றின் ஒருமை. தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் இச்சொற்களை ஒருமை, பன்மை இரண்டையும் சேர்த்து வெளியிட்டால் நன்றியுடையவனாவேன். இரு வடிவங்கள் வழங்கும் இடங்களில் இரண்டையுமே அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
மன்னார்குடி.