தம்பிக்கு, டிவி சரியாகிவிட்டது

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் எல்லாரும் நலம். அக்கா வீட்டிலும் நலம். நீ வேளைக்குச் சாப்பிடு. உன் அறைக் கம்ப்யூட்டரில் டிவி திக்குவது நின்றுவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் சொன்னால் ஒரு கட்டைவிரல் அனுப்புவாய், அதோடு முடிந்துவிடும்.

முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவுக்கு உன் கட்டில்தான். ஹாலில் அரை மணி நேரம் உட்கார்ந்தாலே கால் வீங்கிவிடுகிறது. எட்டரைக்கு வசந்தம் சேனலில் செய்தி பார்க்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது, அதுவும் உனக்குத் தெரியும். அதனால்தான் உன்னை அவ்வளவு தொந்தரவு செய்தேன்.

நீ சொன்னதை எல்லாம் முதலில் ஒரே நாளில் மாற்றிப் பார்த்தேன். எதனால் சரியானது, எதனால் கெட்டது என்று ஒன்றும் புரியவில்லை. அப்புறம் எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டு, கப்பல் பட்டறையில் செய்த மாதிரி ஒரு நேரத்தில் ஒன்று என்று ஆரம்பித்தேன். எதிலும் அப்படித்தான் செய்ய வேண்டும் தம்பி. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலைத்துவிடாதே.

செய்தியைப் பத்து நிமிடம் பதிவு செய்தேன். அதே பதிவை இரண்டு தடவை ஓடவிட்டு, எங்கே தடுக்குகிறது என்று உன் பழைய பாலிடெக்னிக் நோட்டில் நிமிடம், நொடி போட்டு எழுதினேன். படம் கட்டம் கட்டமாக உடைந்து சத்தம் வெட்டுப்பட்டது இரண்டு தடவையும் அதே மூன்று இடங்களில். அப்படியென்றால் வரும்போதே உடைந்து வந்திருக்கிறது, குற்றம் ஆன்டெனா பக்கம். படம் உடையாமல், அடியில் ஓடும் எழுத்து மட்டும் இழுத்து இழுத்துப் போனதே, அது ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில். அது கம்ப்யூட்டர் பக்கம். ஒரு வியாதி என்று நினைத்தோம், இரண்டு இருந்திருக்கிறது.

ஆன்டெனாவைக் கம்ப்யூட்டர் பெட்டிக்கு ஒட்டி வைத்திருந்தேன். அதைச் சன்னல் கம்பிக்கு மாற்றினேன். டிவி சிக்னலைக் கம்ப்யூட்டருக்குள் கொடுக்கிற டியூனரையும் பெட்டியில் நேராகச் சொருகாமல் ஒரு மீட்டர் நீட்டிப்பு வயர் போட்டுத் தள்ளி வைத்தேன். பெட்டிக்குள்ளிருந்து வருகிற மின் இரைச்சல்கூட சிக்னலைக் கெடுக்குமாம். கட்டம் உடைவது அன்றோடு நின்றது. இங்கே சிங்கப்பூரில் 2018 முடிந்ததும் நிறுத்தினார்களே, அந்தப் பழைய அனலாக் ஒளிபரப்பில் சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி விழும், முகம் மங்கும், ஆனாலும் ஆள் தெரியும். கை வைத்துச் சரி செய்ய நேரம் கிடைக்கும். இந்த டிஜிட்டலில் கடைசி வரை பளிச்சென்று இருக்கிறது, ஒரு எல்லையைத் தாண்டியதும் ஒன்றுமே இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

போன வீடியோ காலில் நீ நன்றாகத்தான் சிரித்தாய். பின்னால் இருந்த சுவர் புதிதாக இருந்தது. ஒரு ஆணிகூட இல்லாத வெள்ளைச் சுவர். அறையை மாற்றிக்கொண்டாய் போலிருக்கிறது.

சரி, மீதியையும் சொல்கிறேன். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் சிபியு 95 சதவிகிதத்துக்கு மேல் நிற்கிறது. சுருக்கி வருகிற படத்தை விரிக்கிற வேலை முழுவதையும் அதுவே தனியாகச் செய்துகொண்டிருந்தது. கிராஃபிக்ஸ் கார்டு பக்கத்திலேயே சும்மா இருந்தது. படம் ஓட்டுகிற விஎல்சியில், அந்த வேலையைக் கார்டிடம் கொடுக்கிற ஹார்ட்வேர் டிகோடிங்கைப் போட்டதும் 30-க்கு இறங்கிவிட்டது. அப்படியும் ஓடும் எழுத்தில் ஒரு சின்ன நடுக்கம் பாக்கி. அதற்கு இரண்டு நாள் ஆனது. இங்கே ஒளிபரப்பு நொடிக்கு 50 படம், உன் மானிட்டர் நொடிக்கு 60 தடவை காட்டுகிறது. ஐந்து படத்தில் ஒரு படம் இரண்டு தடவை வந்து நிற்கிறது, அதுதான் கண்ணுக்கு நடுக்கமாகத் தெரிகிறது. நல்லவேளை, உன் மானிட்டர் 50-ஐயும் ஏற்றுக்கொண்டது. ஒன்றுவிட்டு ஒரு வரியாக வருகிற பாதிப் படங்களை முழுப் படமாக்கும் டீஇன்டர்லேஸ் என்பதையும் யாடிஃப் 2எக்ஸ் என்ற முறையில் வைத்தேன். அன்று இரவு எழுத்து தண்ணீர் மாதிரி ஓடியது. அம்மா எழுத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "பிள்ளைக்குச் சொல்லிவிட்டீர்களா?" என்றாள்.

புது டிவி வாங்கிக்கொள்ளச் சொல்லிப் பணம் அனுப்பினாய். மாதம் பிறந்தால் முதல் தேதியில் உன் பணம் வந்துவிடுகிறது, ஒரு நாள் தவறியதில்லை. கோப்பிக் கடையில் யார் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் பணம் வருகிற நாளில் உன் குரல் வருவதில்லை. தீபாவளியன்றுகூட ஆறு நிமிடம்தான் பேசினாய். அம்மா தேக்காவில் கவிதாவுக்கு எடுத்த சேலை இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. எந்த முகவரிக்கு அனுப்புவது என்று கேட்டாள். பெர்த்தில் இருக்கும் உன் அலுவலக முகவரிக்கே அனுப்பலாம் என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீயாகவே கூப்பிட்டாய். "அப்பா, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தாய். நான் உடனே, "இரு, முதலில் இந்த டிவி ஏன் இப்படித் திக்குகிறது, அதைச் சொல்லு" என்றேன். நீ நாற்பது நிமிடம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாய். ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. கடைசியில், "என்னமோ சொல்ல வந்தாயே?" என்று கேட்டேன். "ஒன்றுமில்லைப்பா" என்று வைத்துவிட்டாய்.

நான் மறதியில் குறுக்கே பேசவில்லை தம்பி. உன் குரலைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. எதைப் பற்றி என்றும் ஓரளவு தெரிந்தது. அதைக் கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே, என்ன சொல்வேன் என்று பயந்துவிட்டேன். கைக்கு எட்டிய டிவியைப் பிடித்துக்கொண்டேன். உன் சித்தப்பா கடைசியாக வந்து உட்கார்ந்திருந்தபோதும் நான் இதையேதான் செய்தேன். அவன் பேச வாயெடுத்தபோது நான் மின்விசிறியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். அதற்காகவும் நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. உன்னிடம் கேட்கிறேன்.

என்ன ஆகியிருந்தாலும் நீ என் பிள்ளை. கவிதாவும் இந்த வீட்டுப் பெண்தான், அதிலும் மாற்றமில்லை. யார் பக்கம் குற்றம் என்று நான் கேட்கமாட்டேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் கலைத்துவிடாதே, அதை மட்டும் மறுபடியும் சொல்கிறேன்.

அம்மாவுக்கு இதை நான் வாசித்துக் காட்டவில்லை. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அக்கா அவளைப் பிசியோவுக்குக் கூட்டிப் போகிறாள். திரும்ப வரப் பன்னிரண்டாகும். நான் புளோக்குக்குக் கீழே கல் மேசையில் உட்கார்ந்திருப்பேன், போன் கையில் இருக்கும். பெர்த்திலும் அப்போது பத்து மணிதான். நீ பேசு, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா