மிதிவண்டிப் பயணியருக்கு ஓர் இரவு இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனியாக மிதிவண்டியில் ஊர் ஊராகச் செல்வோரை வீட்டில் தங்கவைக்கும் வழக்கம், 1993இல் தொடங்கிய வார்ம்ஷவர்ஸ் போன்ற அமைப்புகள் வழியாகப் பெங்களூருக்கும் வந்திருக்கிறது. அல்சூரில் எங்கள் வீட்டிலும் சிலர் தங்கிச் சென்றனர். அவர்கள் கேட்பது குளிக்க வெந்நீர், வண்டியைப் பூட்டிவைக்க ஓரிடம், படுக்கப் பாய், அவ்வளவே. (மறுசோறு கேட்பதும் உண்டு, நாள் முழுதும் மிதித்தவருக்கு அதை மறுக்க மனம் வருமா?)

வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையவழியாக வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கும் கடமை, விடுதிகளுக்கு மட்டுமன்றி வீட்டுக்காரருக்கும் உண்டு என்பது பலருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்களோ வம்பெதற்கு என்று அஞ்சிக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். முதல்முறை பதிவு செய்யச் சற்று நேரமாகும், பின்னர் கடவுச்சீட்டும் விசாவும் கையில் இருந்தால் எளிய வேலைதான். இதைக் கன்னடத்திலும் தமிழிலும் விளக்கும் குறிப்பொன்றைக் காவல் நிலையங்களில் ஒட்டிவைக்க வேண்டுகிறேன்.

பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் முதன்மைத் தடத்தில் 2023 ஆகஸ்ட் 1 முதல் மோட்டார் சைக்கிள்களுக்கும் மோட்டார் இல்லா வண்டிகளுக்கும் தடை உள்ளது. அந்த வேகத்தின் நடுவே மிதிவண்டிக்கு இடமில்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் அணுகுசாலையில் எதிர்த்திசையில் வரும் வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிச் செல்பவர், நினைத்த ஊரை இருட்டுமுன் அடைவது அரிது. ஆகவே பிடதி, ராமநகரம், மத்தூர் பகுதிகளில் வாழும் தமிழ் வாசகர்களும் ஓர் அறை தர முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு