வயித்துக்குள்ள வாடகையில்லாத குடித்தனம்

வெள்ளவத்தை, ஞாயிறு இரவு

டேய் மச்சான்,

கனநாளா எழுதேல்ல, ஏசாத. பிள்ளையள் சுகம், அம்மான்ர முழங்கால் நோ அப்பிடியேதான், கீழ்வீட்டு மாமி இன்னும் லிஃப்ட் பழுதுக்கு என்னைத்தான் பேசுறா.

விஷயம் என்னெண்டா போன கிழமை எனக்கு எண்டோஸ்கோபி செய்தவை. தெரியுந்தானே, வயிறு வெறுமையானா எரியும், சாப்பிட்டா ஆறும், விடியப்புறம் ரெண்டு மணிக்குத் திரும்ப எழுப்பிவிடும். பத்து வருசமா காலி வீதிக் கொத்தையும் இவளின்ர கட்டச்சம்பலையும்தான் திட்டிக்கொண்டிருந்தன்.

தொண்டைக்கு ஸ்பிரே அடிச்சு, இடப்பக்கம் சரிச்சுப் படுக்க வச்சு கமெராக் குழாயை விட்டினம். ஓங்காளிச்சுக் கண்ணால தண்ணி ஓடுது, ஆனா ஸ்கிரீனைப் பாக்காம இருக்க மனம் வரேல்ல. பள்ளிக்கூடத்தில சோக்கட்டி சேர் கீறின களம், தொண்டையில இருந்து வயித்துக்குப் போற அந்த 25 சென்டிமீட்டர் குழாய், சும்மா தொங்கிற பைப் இல்லையடா. மேல நெருக்கிக் கீழ விட்டு நெருக்கிக் கீழ விட்டுச் சாப்பாட்டைத் தள்ளுது, தலைகீழா நிண்டு விழுங்கினாலும் வயித்துக்குப் போகும். அப்ப நீ வாங்கில தலைகீழா நிண்டு பணிஸ் திண்டு காட்டினது சரி, சேர்தான் வீணா அடிச்சவர்.

இரைப்பைக்குள்ள இருக்கிறது ஐதரோகுளோரிக் அமிலம், இறைச்சியையே கரைக்கும், அது தன்ர சுவரையே சமிக்காம விடுறது மேல பூசியிருக்கிற சளிப்படையால. எனக்கு இரைப்பையைத் தாண்டி முன்சிறுகுடல் தொடக்கத்தில புண். காரணம் கொத்துமில்லை சம்பலுமில்லை, ஹெலிகோபாக்டர் பைலோரி எண்டு ஒரு பக்டீரியா. யூரியாவை அமோனியாவாக்கித் தன்னைச் சுத்தியிருக்கிற அமிலத்தைக் குறைச்சுப்போட்டு, சளிக்குள்ள வாடகை குடுக்காம குடித்தனம். இதைச் சொன்ன அவுஸ்திரேலிய டொக்டர் பாரி மார்ஷலை ஆரும் நம்பேல்ல எண்டு அந்தாள் 1984ல அந்தக் கிருமியைத் தானே குடிச்சு, கொஞ்ச நாளில வாந்தியும் இரைப்பை அழற்சியுமா நிண்டவர். பிறகு 2005ல கூட ஆராய்ச்சி செய்த ராபின் வாரனோட சேத்து நோபல். அந்தாளுக்குக் கிருமியைக் குடிக்கிற துணிவு, எனக்கு மனிசியிட்ட சொறி சொல்லவே ரெண்டு நாள் எடுத்தது. கேட்டிட்டு அவள் ஒண்டும் சொல்லேல்ல, அடுத்தநாள் சம்பலில மிளகாயைக் கூட்டிப்போட்டாள்.

இனி பகிடி இல்லை. போன முறை கதைக்கேக்க நீ மேசை லாச்சியில அன்டாசிட் அட்டை அட்டையா வச்சிருக்கிறன் எண்டு சிரிச்சனி. அது அமிலத்தைத்தான் அடக்கும், கிருமி அப்பிடியே கிடக்கும். கனகாலம் கிடந்தா சிலருக்குப் புற்றுநோய்வரை கொண்டுபோகுமாம், டொக்டர் அதைச் சொல்லேக்க எனக்கு உன்ர முகம்தான் வந்தது, உன்ர அப்பாவும் கடைசியில வயித்தைப் பிடிச்சுக்கொண்டுதானே இருந்தவர். எடுத்தவுடன கமெரா விடமாட்டினம், மூச்சை ஊதச் சொல்லியோ மலத்திலயோ பாக்கலாம். உனக்கு அதுதான் எண்டு நான் சொல்லேல்ல, போய்ப் பார் எண்டுதான் சொல்லுறன்.

எனக்கு ரெண்டு கிழமைக்கு ரெண்டு வகை அன்டிபயோட்டிக், அமிலம் குறைக்கிற குளிசை வேற. வாயெல்லாம் ஒரே இரும்புக் கசப்பு. இண்டைக்கு ஆறாம் நாள், இவள் தண்ணியோட வந்து நிக்கிறாள், வைக்கிறன். டெஸ்டுக்கு எண்டைக்குப் போறாய் எண்டு திகதியோட பதில் போடு.

உன்ர
குண்டன்